பட்டம் பெற்றபின் படிப்பது எங்கே?

சென்னையிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகிற பிரயாணியின் கண்ணில் இன்று முதலில் படுவன வயல்கள் அல்ல. தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் முதல் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன. ஸ்ரீபெரும்பூதூரில் கண்ணாடிப் பாளங்களும் கைத்தொலைபேசிகளும் உருவாகின்றன. அங்கிருந்து தெற்கே திரும்பி ஒரகடம் போனால் லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஆலைக்குப் பின் ஆலையாக நிற்கின்றன. உடையவர் அவதரித்த திருத்தலம் என்று உலகம் அறிந்திருந்த ஊர், இன்று பாரத தேசத்தின் தொழில் வரைபடத்தில் பெரிய புள்ளியாகிவிட்டது.

இந்த ஆலைகளைப் பற்றியும், அவை தரும் உத்தியோகங்களைப் பற்றியும் பத்திரிகைகளில் நாள்தோறும் படிக்கிறோம். ஆனால் நாம் அதிகம் சிந்திக்காத ஒரு விஷயம் உண்டு. இத்தனை கட்டிடங்களுக்கும் யாரோ ஒருவர் வரைபடம் போட்டிருக்கிறார். ஆலையை மட்டுமல்ல, அதில் வேலை செய்கிறவர்கள் உண்ணும் கூடத்தையும் உறங்கும் அறையையும் யாரோ அளந்து தீர்மானித்திருக்கிறார்கள். அவர்கள் அந்த வித்தையை எங்கே கற்றார்கள்? கல்லூரியில் கற்றார்கள் என்றால், கல்லூரியை விட்டு வந்த பிறகு மேலும் கற்க அவர்களுக்கு வழி என்ன? இந்தக் கட்டுரையில் நாம் விசாரிக்கப் போவது இதுதான்.

பெயருக்குக் காவல்

‘ஆர்க்கிடெக்ட்’ என்று ஊரார் வழங்கும் கட்டிடக் கலைஞருக்கு நம் தேசத்தில் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் அது. அதன்படி ஏற்பட்ட கட்டிடக் கலைக் கவுன்ஸில், ஐந்து வருஷப் படிப்பை முடித்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. இன்று அந்தப் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பதிவு இல்லாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொண்டால் அது குற்றமாகும்.

ஆனால் சட்டம் காப்பது பெயரைத்தான், தொழிலை அல்ல. 2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு பெறாதவர் அந்தப் பட்டப்பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் கட்டிடத்துக்கு வரைபடம் போடும் காரியத்தை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு வருந்திய கட்டிடக் கலைஞர்கள் பலர். நாம் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். சட்டம் வேலி போடாத நிலத்துக்கு வித்தைதான் வேலி. மேஸ்திரியோ, காண்ட்ராக்டரோ, பக்கத்து வீட்டுக்காரரோ போட்டுத் தர முடியாத ஒரு வரைபடத்தைத் தம்மால் போட முடியும் என்று கட்டிடக் கலைஞர் காட்டினாலன்றி, அவரை நாடி ஜனங்கள் ஏன் வரவேண்டும்? இருபத்து மூன்று வயதில் பெற்ற பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அறுபது வயது வரை அதைக் கொண்டே காலம் தள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்கிற காரியமா?

தாமாகக் கூடியவர்கள்

பட்டம் பெற்ற பிறகும் கூடிப் படிக்க வேண்டும் என்பது நம் தேசத்துக்குப் புதிய யோசனை அல்ல. 1917-ஆம் வருஷம், அப்போதைய பம்பாயில், ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்து வெளிவந்த மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். எந்தச் சர்க்காரும் அவர்களைக் கூடச் சொல்லவில்லை. ‘கேட்வே ஆப் இந்தியா’வை வரைந்த ஜார்ஜ் விட்டெட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு முதல் தலைவரானார். அந்தச் சிறு மாணவர் சங்கமே 1929-ஆம் வருஷம் ‘இந்தியக் கட்டிடக் கலைஞர் கழகம்’ என்ற பெயர் பெற்றது. இன்று அதற்குத் தமிழ்நாட்டிலும் கிளை உண்டு; வருஷந்தோறும் தேசிய மகாநாடு நடத்துகிறது.

சமீப காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாலகிருஷ்ண தோஷியின் வாழ்க்கையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதே ஜே. ஜே. பள்ளியில் பயின்றவர் அவர். பிறகு பாரிஸ் நகரம் சென்று லெ கார்புஸியேயின் அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் சம்பளமே இல்லாமல் உழைத்தார். 1962-இல் ஆமதாபாதில் கட்டிடக் கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்தூரில் ஏழை எளியவர்களுக்காக அவர் வகுத்த ‘ஆரண்யா’ குடியிருப்பு 1995-இல் ஆகா கான் விருது பெற்றது. 2018-ஆம் வருஷம் பிரிட்ஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தபோது, அதைப் பெற்ற முதல் இந்தியர் என்று தேசமே பெருமை கொண்டது. பெரிய மாளிகைகளுக்கு ஈடாக ஏழைகளின் குடியிருப்பையும் கருதிப் படித்தவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

நெருப்பு கற்பித்த பாடம்

இங்கிலாந்தில் அரச கட்டிடக் கலைஞர் கழகத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 35 மணி நேரமாவது புதிதாகக் கற்க வேண்டும் என்று நெடுங்காலமாக விதி இருந்து வருகிறது. ஆனாலும் 2017-ஆம் வருஷம் ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்பெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்து, 72 பேர் மாண்டனர். சில காலத்துக்கு முன்புதான் அந்தக் கட்டிடத்தின் புறத்தே அழகுக்காகவும் குளிர் காக்கவும் புதிய தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் அந்தத் தகடுகளின் வழியேதான் நெருப்பு மாடிக்கு மாடி தாவிற்று. 2024 செப்டம்பரில் வெளிவந்த விசாரணையின் இறுதி அறிக்கை, பல தரப்பாரோடு கட்டிடக் கலைஞர்களையும் குறை கூறிற்று. அந்த வருஷம் முதல் பதிவு பெற்ற கட்டிடக் கலைஞர் ஒவ்வொருவரும், தாம் அந்த ஆண்டு கற்றது என்ன என்று எழுதி வைத்தே பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பதிவு வாரியம் ஏற்பாடு செய்துவிட்டது.

அந்நிய நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஊர்க் கதைகளும் குறைவில்லை. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மடிந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி மாலை, போரூருக்கு அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் மழையினூடே சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மௌலிவாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்பூதூர் வெகு தூரமில்லை. கட்டிட வித்தையில் அறியாமை என்பது பரீட்சையில் மதிப்பெண் குறைவதோடு முடிகிற சங்கதி அல்ல.

இன்று உள்ள வாய்ப்புகள்

வாய்ப்புகளே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கட்டிடக் கலைக் கவுன்ஸில் புனாவில் ஒரு பயிற்சி மையம் வைத்து நடத்துகிறது. பசுமைக் கட்டிடங்களைப் பற்றிக் கற்பிக்க 2001-இல் ஏற்பட்ட இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்ஸில் வருஷாந்தர மகாநாடு கூட்டுவதோடு, தேர்ச்சி பெற விரும்புவோருக்குப் பரீட்சையும் நடத்துகிறது. பழைய கட்டிடங்களைப் பேணும் முறையைக் கற்க விரும்புவோருக்கு, 1984-இல் தோன்றிய ‘இன்டாக்’ ஸ்தாபனம் பயிற்சி அளிக்கிறது.

தமிழ்நாட்டுக்கு உள்ளேயும் அருகேயும் உள்ளவை இன்னும் சிறப்பானவை. ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டிட ஆய்வு நிலையம், சூளையில் சுடாமலே அழுத்திச் செய்யும் மண் கற்களைக் கொண்டு சுவரும் வளைவும் எழுப்பும் வித்தையைக் கற்பிக்கிறது. பல தேசத்தாரும் அங்கே வந்து, கையை மண்ணில் தோய்த்துப் படித்துப் போகிறார்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் ஏற்பட்ட சிற்பக் கல்லூரி, ஸ்தபதிகளின் மரபை இன்றும் கற்பித்து வருகிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ராவில், தென்னாட்டு வீடுகளைப் பழைய இடத்திலிருந்து பிரித்துக் கொணர்ந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். முற்றமும் திண்ணையும் எதற்காக ஏற்பட்டன என்று புஸ்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே அறிந்துகொள்ளலாம்.

நவீன முறைகளுக்கும் உதாரணம் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. மத்திய சர்க்கார் 2021 ஜனவரி முதல் தேதி ஆறு நகரங்களில் ‘கலங்கரை விளக்கத் திட்டம்’ என்ற வீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளாக உருவாகி, 2022 மே 26-ஆம் தேதி திறக்கப்பட்டது. சுவரையும் தளத்தையும் முன்னதாக வார்த்து எடுத்து, பிறகு இணைத்துக் கட்டும் முறை அங்கே கையாளப்பட்டது. வேலை நடக்கும்போதே மாணவர்களும் கட்டிடக் கலைஞர்களும் பொறியாளர்களும் பெயர் கொடுத்து வந்து பார்த்துக் கற்க வழி செய்திருந்தார்கள். அத்தகைய ஏற்பாடு ஒவ்வொரு பெரிய சர்க்கார் கட்டிடத்திலும் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வெளியூர்களில் சிறு அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டி.இ.எல்.’ என்னும் தொலைவழிப் பாடங்களை வீட்டிலிருந்தபடியே இலவசமாகக் கேட்கலாம். பரீட்சை எழுத விரும்பினால் மட்டும் கட்டணம். தேவகோட்டையிலோ தர்மபுரியிலோ இருக்கும் இளைஞருக்கு இது பெரிய வரப்பிரஸாதம்.

இவ்வளவும் இருந்தும் ஒரு குறை தெரிகிறது. இக்காலத்தில் கட்டிடக் கலைஞர்களுக்கென்று நடக்கும் கூட்டங்கள் பலவற்றைப் பெரிய ஹோட்டல்களில் நடத்துகிறார்கள். செலவை ஏற்பவர் சலவைக்கல்லோ குழாயோ பெயிண்டோ விற்கிறவர். உபந்நியாசத்துக்குப் பின் விருந்து. விருந்துக்குப் பின் விலைப்பட்டியல். புதிய சரக்கை அறிவது தேவைதான். ஆனால் சரக்கு விற்பவரே ஆசிரியராகவும் இருந்தால், அந்தச் சரக்கே வேண்டாம் என்ற பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

சாலையே பள்ளிக்கூடம்

ஸ்ரீபெரும்பூதூர்–ஒரகடம் வட்டாரமே கட்டிடக் கலைஞர்களுக்கு ஒரு மகா வித்யாசாலை என்று நாம் சொல்வோம். அங்கே கற்க வேண்டிய பாடங்கள் மூன்று.

முதல் பாடம் தண்ணீர். காஞ்சீபுரம் ஜில்லா ஏரிகளின் ஜில்லா. ஸ்ரீபெரும்பூதூர் ஏரியின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தை நாடிச் செல்கிறது. படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றை நாடுகிறது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி நம் முன்னோர்கள் சங்கிலி போலக் கோத்து வைத்தார்கள். 2015 டிஸம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றங்கரையில் சென்னை மூழ்கியதும் நாம் கண்ட சம்பவங்கள். ஆகையால் மனையைப் பார்க்கப் போகும் கட்டிடக் கலைஞர் எல்லைக் கல்லை மட்டும் பார்த்தால் போதாது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் விரித்து, வரத்துக்கால் எது, போக்குக்கால் எது என்று கேட்க வேண்டும். அதை நன்றாக அறிந்தவர் அநேகமாக அந்த ஊரில் ஏரிக்கு மடை திறந்துவிட்ட கிழவராக இருப்பார். அவர் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியர் அல்ல. ஆனால் இந்தப் பாடத்துக்கு அவரே குரு.

இரண்டாவது பாடம் வெயில். ஸ்ரீபெரும்பூதூரில் 2000-ஆம் வருஷம் முதல் பெரிய கண்ணாடி ஆலை நடக்கிறது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சுமார் 1,500 டிகிரி சூட்டில் உருகி, உருகிய தகரத்தின் மேல் மிதந்து, பளிங்குப் பாளமாகப் படிந்து வருவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் குளிர் தேசத்தில் வெயிலை உள்ளே அழைப்பதற்காகப் பயன்பட்ட கண்ணாடி, நம் தேசத்தில் மேற்குச் சுவர் முழுவதையும் மூடினால் என்ன ஆகும்? பகலெல்லாம் வெப்பம் உள்ளே வரும். அதை வெளியேற்றக் குளிர்சாதனம் ஓடும். மின்சாரக் கட்டணம் ஏறும். எந்தத் திசையில் எவ்வளவு கண்ணாடி, அதற்கு எவ்வளவு நிழல் என்று கணக்கிட 2007-இல் மத்திய சர்க்கார் எரிசக்திக் கட்டிட விதிகளை வகுத்தது. குடியிருப்புகளுக்கென்று 2018-இல் தனி விதிகள் வந்தன. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய மொட்டை மாடி முறையையும் இந்தப் புதிய விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாட்டனார் காலத்துக் கொத்தனாரின் யுக்திக்கு இன்றைய விஞ்ஞானம் கணக்குச் சொல்வது புலப்படும்.

மூன்றாவது பாடம் உறக்கம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 2021 டிஸம்பரில் இந்த வட்டாரத்துக் கைத்தொலைபேசி ஆலையில் வேலை செய்த பெண்களில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள், விடுதியில் உண்ட உணவு ஒவ்வாமல் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது. கொதித்தெழுந்த தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள், ஆலை மூடப்பட்டது. விடுதிகள் சிலவும் உணவுக் கூடங்களும் தன் நியமங்களுக்கு ஏற்றவையாக இல்லை என்று, அந்தத் தொலைபேசிகளுக்கு உரிய அமெரிக்கக் கம்பெனியே சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு 2024 ஆகஸ்டு 17-ஆம் தேதி, வல்லம்-வடகாலில் தமிழ்நாடு சர்க்காரின் ‘சிப்காட்’ ஸ்தாபனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டிய பெண் தொழிலாளர் விடுதியை முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். இருபது ஏக்கர் நிலம், பதின்மூன்று கட்டிடங்கள், கட்டிடத்துக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். ஆக 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறிய நகரத்தின் ஜனத்தொகை அது!

இத்தகைய இடத்துக்கு வரைபடம் போடுவதை எந்தக் கல்லூரிப் பாடம் முழுதும் கற்பிக்க முடியும்? ஆறு பேருள்ள அறையில் ஒருத்தி இரவு ஷிப்டு முடிந்து காலையில் படுக்கும்போது இன்னொருத்தி எழுந்து புறப்படுகிறாள் என்றால், பகலில் உறங்குகிறவளுக்கு இருட்டு எங்கிருந்து வரும்? ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஆயிரம் பேர் ஒருங்கே குழாயைத் திறந்தால் மேல் மாடியில் தண்ணீர் ஏறுமா? துணி உலர்த்த இடம் எங்கே? காய்ச்சல் கண்டவள் தனியே படுக்க அறை உண்டா? ஊரிலிருந்து தாயார் பார்க்க வந்தால் எங்கே உட்கார்ந்து பேசுவது? தீ என்று கூக்குரல் எழுந்தால் எத்தனை படிக்கட்டு, எவ்வளவு அகலம்? இவற்றுக்கெல்லாம் விடை கட்டிடம் திறந்த அன்று கிடைக்காது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்த பின், அங்கே வசிக்கும் பெண்களிடம் போய்க் கேட்டால் கிடைக்கும்.

நாம் வேண்டுவது

ஆகையால் நாம் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம்.

கட்டிடக் கலைஞர் சங்கத்தார் மாதம் ஒரு முறையேனும் ஹோட்டலை விட்டு வெளியே வந்து, இந்த வட்டாரத்தில் ஒரு கட்டிடத்தைப் பார்க்கட்டும். கட்டி ஒரு வருஷம் ஆன கட்டிடமாக அது இருக்கட்டும். வரைந்தவரும் வரட்டும், கட்டிய மேஸ்திரியும் வரட்டும், வசிப்பவர்களும் வாய் திறந்து பேசட்டும். எது நன்றாக அமைந்தது, எது அமையவில்லை என்று கண்டதை எழுதி அச்சிடட்டும்.

அந்தப் பேச்சு தமிழில் நடக்கட்டும். கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் விளங்காத பாஷையில் கட்டிட வித்தையைப் பேசினால், பாதிப் பாடம் வாசலிலேயே நின்றுவிடும். வெளி மாகாணங்களிலிருந்து வந்து உழைப்பவர்களுக்கு ஹிந்தியிலோ ஒரியாவிலோ எடுத்துச் சொல்ல ஆள் வைத்தாலும் நல்லதே.

கட்டணமும் குறைவாக இருக்கட்டும். பெரிய மகாநாடுகளுக்கு வசதியுள்ளவர்களே போகிறார்கள். கல்லூரியை விட்டு இரண்டு வருஷமான பையனுக்கும், குழந்தை பிறந்து சில வருஷம் தொழிலை விட்டு இருந்து மறுபடி வர நினைக்கும் பெண்ணுக்கும் அல்லவா பயிற்சி அதிகம் தேவை? திருக்கோஷ்டியூரில் தாம் பெற்ற ரகஸ்யத்தைக் கோபுரத்தின் மேல் ஏறி ஊரறியச் சொன்னார் ராமாநுஜர் என்பது மரபு. அவர் பிறந்த ஊரில் வித்தைக்கு உயர்ந்த கதவும் அதற்குப் பூட்டும் போடுவது பொருந்தாது.

கடைசியாக, நம் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு கட்ட நினைக்கும் குடும்பத்தார், கட்டிடக் கலைஞரைக் கண்டதும் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். அதைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். “சென்ற வருஷத்தில் தாங்கள் புதிதாகக் கற்றது என்ன? முன்பு தாங்கள் கட்டிய வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தீர்களா?” முகம் சுளிக்காமல் இவற்றுக்கு விடை சொல்கிறவரிடம் தைரியமாக வேலையை ஒப்புவிக்கலாம். ஜனங்கள் கேட்கத் தொடங்கினால் கட்டிடக் கலைஞர்கள் கற்கத் தொடங்குவார்கள். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.